15,800 ரூபாய்க்கு 25 நிமிட வொண்டர் வுமன்

கடந்த டிசம்பரில் கொச்சியில் நடந்த, சூப்பர் ஹீரோ பட ரசிகர்கள் வேடமிட்டு வரும் ஒரு கூடுகைக்கு நான் வொண்டர் வுமன் என்ற நாயகியாக வேடமிட்டுத் தனியாகச் சென்றேன். அந்த வேடத்துக்காக நான் செலவழித்த தொகை 15,800 ரூபாய். என் மாதச் சம்பளத்தைவிட 1,200 ரூபாய்தான் குறைவு. இரண்டரை மாத ஞாயிற்றுக்கிழமைகள் முழுவதும் அதற்கே போயின. இவ்வளவுக்கும் பிறகு அந்த உடையை நான் உடுத்தி நின்றது 25 நிமிடங்கள் மட்டுமே. எங்கள் பக்கத்தில் இப்படி வேடமிடுகிறவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு ஆண்டுதோறும் காளி வேடம் கட்டும் உறவினர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும். அது வேறு, இது வேறு என்று நினைத்துக் கேட்காமல் விட்டேன். இனி வேடமிட நினைக்கும் ஒரு பெண்ணுக்காவது பயன்படட்டும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், இது தையல் பற்றிய கதை மட்டுமல்ல என்பதும், இத்தனை ஆண்டுகளாக நான் விரும்பிப் பார்த்த சூப்பர் ஹீரோ படங்களில் பெண்களுக்கு என்ன உடுத்தினார்கள், ஏன் உடுத்தினார்கள் என்ற கதையும் இதற்குள் இருக்கிறது என்பதும் புரிந்தது.

நான் குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் இடையே உள்ள ஓர் ஊரைச் சேர்ந்தவள். ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன், வயது 33. எங்கள் வீடுகளில் பேசுவது தமிழ், தொலைக்காட்சியில் ஓடுவது பாதி மலையாளம், படம் பார்க்கப் போவது திருவனந்தபுரம். திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த எங்கள் கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டாலும், சினிமா விஷயத்தில் நாங்கள் இன்னும் இரண்டு ராஜ்யத்துக்கும் வரி கட்டுகிறவர்களாகவே இருக்கிறோம். சிறு வயதில் தொலைக்காட்சியில் வைஜெயந்தி ஐ.பி.எஸ். படத்தில் விஜயசாந்தி அடிப்பதைப் பார்த்து நானும் தலையணையை அடித்திருக்கிறேன். விஜயசாந்தி அணிந்திருந்தது காக்கிச் சீருடை. அந்தச் சீருடையில் ஓடவும் உதைக்கவும் முடியும் என்பதை அப்போது நான் கவனிக்கவே இல்லை. வேலை செய்யும் உடை அப்படித்தான், அது கண்ணில் உறுத்துவதில்லை.

2017 ஜூனில் வொண்டர் வுமன் வந்தபோது எனக்கு 25 வயது. வீட்டில் வேறு காரணம் சொல்லிவிட்டுத் தனியாகத் திருவனந்தபுரம் சென்று பார்த்தேன். பாட்டி ஜென்கின்ஸ் இயக்கிய அந்தப் படத்தில், முதல் உலகப் போரின் பதுங்குகுழியிலிருந்து வொண்டர் வுமனான டயானா தன் மேலங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏணியில் ஏறி, எந்தப் படையும் கடக்கத் துணியாத வெட்டவெளிக்குள் தனியாக நடந்து செல்லும் காட்சியில் நான் அழுதுவிட்டேன். துயரமான காட்சியே அல்ல அது. பிறகு ஏன் அழுகிறோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அந்தக் காட்சியின் நினைவில்தான், எட்டு ஆண்டுகள் கழித்து வேடம் என்று வந்தபோது வேறெதையும் யோசிக்காமல் டயானாவைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் அதே படத்தில், பதுங்குகுழிக் காட்சிக்கு முன்பே வரும் இன்னொரு காட்சியை நான் மறந்துவிட்டேன். லண்டன் துணிக்கடையில் டயானாவுக்கு உடை உடையாகப் போட்டுப் பார்ப்பார்கள்; இறுக்கிக் கட்டும் உள்கச்சை ஒன்றைக் கண்டு, உங்கள் நாட்டில் இதுதான் கவசமா என்று அவள் கேட்பாள்; இன்னொரு பாவாடையை அணிந்துகொண்டு, இதை உடுத்தி ஒரு பெண் எப்படிச் சண்டையிடுவாள் என்று காலைத் தூக்கி உதைத்துப் பார்ப்பாள். திரையரங்கமே சிரித்தது, நானும் சிரித்தேன். கொச்சியில் அந்தக் கேள்வி என் விலா எலும்பிலேயே வந்து குத்தியது.

எங்கள் பக்கத்துக் கதைகளில் வரும் யட்சியான நீலியின் வேடம் ஏன் போடவில்லை என்று பிறகு பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2025 ஆகஸ்டு இறுதியில் ஓணத்தை ஒட்டி வந்த லோகா என்ற மலையாள சூப்பர் ஹீரோ படத்தில் கல்யாணி பிரியதர்ஷன் நடித்த சந்திரா, கள்ளியங்காட்டு நீலிதான். படம் உலகம் முழுவதும் 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. கள்ளியங்காடு எங்கள் மாவட்டத்தில், நாங்கள் நாகர்கோவிலுக்குப் போகும் பேருந்துப் பாதையில் இருக்கிறது. திருவனந்தபுரம் திரையரங்கில் அந்தப் பெயர் வந்தபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. எனக்கோ, இது நம்முடைய நிறுத்தமல்லவா என்ற சிரிப்புதான் வந்தது. ஆனால் எங்கள் அம்மாச்சிக்கு அந்தப் பெயர் சினிமாவில் வருவதற்கு அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். இரவில் தனியாகப் போகும் ஆணிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு வருகிறவள், கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியாரால் கட்டுப்படுத்தப்பட்டவள், வில்லுப்பாட்டில் பழையனூர் நீலியாக வந்து பழி தீர்த்துக்கொள்கிறவள் என்று எல்லா நீலிகளும் அம்மாச்சியின் கதையில் ஒருத்தியாகவே இருப்பார்கள். "நீலி வேஷம் கெட்டப்பிடாது மக்ளே, அவ கூடவே வந்திருவா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நானும், அயல்நாட்டு நாயகிக்குத்தான் வேடம் வேண்டும், நீலிக்கு என்ன வேடம், வெள்ளைச் சேலையும் அவிழ்த்த கூந்தலும்தானே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். அந்த அலட்சியத்துக்கும் சேர்த்துத்தான் 15,800.

முதல் நஷ்டம் இணையத்தில் உடை விற்கும் ஒரு பக்கத்தில் தொடங்கியது. வெளிநாட்டுப் பெண் ஒருத்தி அணிந்திருந்த அழகான படங்களைப் போட்டிருந்தார்கள். மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழே என்று மூன்றே அளவுகள் கேட்டார்கள். தோளில் இருந்து இடுப்பு வரையிலான நீளத்தையோ கையின் சுற்றளவையோ கேட்கவே இல்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முழுப் பணம் 4,800 ரூபாயையும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். சொன்ன நாளுக்கு 19 நாள்கள் கழித்துப் பொட்டலம் வந்தது. கையில் எடுத்ததும் புரிந்துவிட்டது: படத்தில் இருந்தது தடித்த தோல் போன்ற பொருள், என்னிடம் வந்தது குடைத்துணியைப் போன்ற ஒன்று. ஜிப் பாதி ஏறியதும் பல் பிளந்து நின்றுவிட்டது. மாற்றித் தரும்படி கேட்டதற்கு, நீங்கள் கொடுத்த அளவு தவறு என்றார்கள். மூன்றாவது செய்திக்குப் பிறகு என்னைத் தடுத்துவிட்டார்கள். அன்று இரவு கண்ணாடி முன் நின்று, தவறு உடையில் இல்லை, என் உடம்பில்தான் என்று நான் உண்மையாகவே நம்பினேன். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த நம்பிக்கையில்தான் புகார் எதுவும் கொடுக்காமல் பேசாமல் இருந்தேன். இப்படி வாங்குகிறவர்கள், உங்களுக்காகத் தைத்த உடையின் மீது உங்கள் பெயர் எழுதிய தாளை வைத்து எடுத்த காணொளியைக் கேளுங்கள்; பாதிப் பணத்துக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். பொருள் தவறாக வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணத்தை வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் ஏமாற்றினால் இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அன்றைக்கே அழைக்க வேண்டும், நாள் கடந்தால் பணத்தை முடக்குவது கடினம். இந்த இரண்டு எண்களும் எனக்குத் தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகு.

அதன் பிறகுதான் மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டுத் துணிகளைத் தைக்கும் தையற்காரரிடம் போனேன். சிவப்பு ரெக்ஸினும் உள்பக்கத்துக்கு லைனிங் துணியும் 1,420 ரூபாய்க்கு வாங்கி அவர் மேசையில் வைத்தபோது, அவர் அதை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "மோளே, இதுல ஊசி ஒருக்கா கேறினா ஓட்ட ஓட்டதான். பிரிச்சுத் தச்சா சல்லட போல ஆயிரும்" என்றார். துணியில் தையலைப் பிரித்தால் துளை மூடிக்கொள்ளும், ரெக்ஸினில் மூடாது. ஆகவே முதலில் பழைய காடாத் துணியிலோ போர்வையிலோ முழு உடையையும் வெட்டித் தைத்து, உடுத்திப் பார்த்துத் திருத்திய பிறகே ரெக்ஸினில் கத்தரி வைக்க வேண்டும் என்றார். நான் அவசரப்பட்டேன். பொறுமை எனக்கு எப்போதுமே குறைவு. காடாத் துணி வேண்டாம், நேராகவே தைத்துவிடுங்கள் என்று கட்டாயப்படுத்தினேன். என் தொலைபேசியில் இருந்த படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த அவர், "இந்தப் பிள்ள இத இட்டுகிட்டு இருந்து சோறு தின்னுமா?" என்று கேட்டார். அது படம், அண்ணாச்சி, அவள் தேவதை என்றேன். "தேவதையா இருந்தாலும் இருக்கணும்லா, மூத்திரம் போணும்லா" என்றார். நிற்கும்போது ஓர் அளவு, ஸ்டூலில் உட்காரவைத்து ஓர் அளவு, இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லி ஓர் அளவு என்று மூன்று முறை எடுக்க முயன்றார். உட்கார்ந்த அளவில் தைத்தால் வயிற்றுப் பகுதி தளர்ந்து தெரியும், படத்தைப் போல இருக்காது என்று நான் மறுத்துவிட்டேன். தையற்கூலி 2,500. அந்தப் பெரியவர் சொன்ன மூன்று விஷயங்களில் ஒன்றைக் கேட்டிருந்தால்கூடக் கொச்சியில் நான் தரையில் உட்கார்ந்திருக்க முடியும்.

திரையில் ஒரே உடைக்குப் பல படிகள் இருக்கும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நின்று வசனம் பேச ஒன்று, சண்டைக்கு நெகிழ்வான ஒன்று, சண்டைக் கலைஞருக்கு வேறொன்று என்று வைத்திருப்பார்கள். உடுத்திவிடவும் கழற்றிவிடவும் ஆட்கள் இருப்பார்கள். காட்சி முடிந்ததும் முதுகைத் தளர்த்திவிடுவார்கள். நம்மிடம் இருப்பது ஒரே படி, உடுத்திவிட ஆளும் இல்லை. தனியாகப் போகிறவர்கள் முதுகில் ஜிப் வைக்கவே கூடாது. பக்கவாட்டிலோ முன்பக்கத்திலோ வைத்து மேலே ஒரு பட்டையால் மறைத்துவிடலாம்.

கைக்காப்புகளையும் நெற்றிப்பட்டத்தையும் நானே செய்தேன். வீட்டில் அப்பா ரப்பர் வெட்டுகிறார், ஷீட்டை உலர்த்தும் புகைப்புரையில் ஷீட் தொங்குகிறது, பிறகு எதற்கு வெளியே வாங்க வேண்டும் என்ற புத்திசாலித்தனம். ஒரு ஷீட்டைக் கையின் சுற்றளவுக்கு வெட்டி, வெள்ளி வண்ணம் பூசி, காயவைத்து, மணிக்கட்டில் கட்டிக் கையை மடக்கினேன். வண்ணம் ஓடு ஓடாக உதிர்ந்தது. அதைவிட அந்த நாற்றம். எங்கள் பகுதிக்காரர்களுக்குப் புகைப்புரை ஷீட்டின் வாசனை சம்பள வாசனைதான், இருந்தாலும் தெமிஸ்கிரா தீவின் இளவரசியான டயானாவிடமிருந்து அது வரக்கூடாது. பிறகு பழைய யோகா விரிப்பு ஒன்றை வெட்டிச் செய்தேன். அதற்கான முறை இதுதான்: வெட்டிய நுரைத்தாளை முடி உலர்த்தும் கருவியால் சூடேற்றி வளைத்து, ஆறும்வரை கையிலேயே பிடித்திருக்க வேண்டும், வண்ணம் பூசுவதற்கு முன் ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து மூன்று நான்கு முறை பூசிக் காயவைத்தால் வண்ணம் வெடிக்காது, ஒட்டுவதற்குச் செருப்புத் தைக்கிறவர்கள் பயன்படுத்தும் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்து நிமிடம் விட்டு, பிறகு அழுத்த வேண்டும், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், அந்தப் பசை தலையைச் சுற்றவைக்கும். வாளும் இதே நுரையில்தான், ஆனால் வளையாமல் இருக்கட்டும் என்று உள்ளே ஒரு திரைச்சீலைக் கம்பியை வைத்தேன். வீணாக்கியதையும் சேர்த்து இதற்கெல்லாம் 1,650. உயர்ந்த அடி வைத்த பூட்ஸ் 1,900, செயற்கைக் கூந்தல் 1,200.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அம்மா, "சுடிதார்லயே செவப்பும் நீலமும் வச்சு தச்சா போராதா? மேல ஒரு நட்சத்திரம் குத்திக்கலாம்" என்றார். எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது. 2022-இல் வந்த மிஸ் மார்வெல் தொடரின் முதல் பகுதியில், ரசிகர் விழாவுக்குக் கேப்டன் மார்வெல் வேடத்தில் போக ஆசைப்படும் கமலா கானுக்கு, அவள் அம்மா ஹல்க்கின் பச்சை நிறத்தில் சல்வார் கமீஸ் தைத்து வைத்திருப்பார். அப்பாவும் அதே வேடத்தில் உடன் வருவதாகச் சொல்வார். கமலா கூனிக்குறுகி மறுப்பாள். அந்தக் காட்சியைப் பார்த்தபோது அந்தப் பெண் ஏன் இப்படி அம்மாவை நோகடிக்கிறாள் என்று வருந்தியவள், அதே வார்த்தைகளை என் அம்மாவிடம் சொன்னேன். அந்தத் தொடரின் முடிவில் கமலா அணியும் உடையே அவள் அம்மா தருவதுதான் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அம்மா பதில் பேசவில்லை. என் பையின் அடியில் ஒரு பருத்தித் துப்பட்டாவை மட்டும் மடித்து வைத்துவிட்டுப் போனார்.

இரவு ரயிலில் குழித்துறையிலிருந்து கிளம்பி விடியற்காலையில் எர்ணாகுளம் சேர்ந்து, மகளிர் விடுதி ஒன்றில் ஒரு நாளுக்கு அறை எடுத்தேன். பயணம், அறை, நுழைவுச்சீட்டு, ஆட்டோ எல்லாம் 2,330. உடையை அறையிலேயே அணிந்துகொண்டு போயிருக்கலாம், தெருவில் நடக்க வெட்கப்பட்டுப் பையில் எடுத்துச் சென்றேன். வாயிலில் பைகளைச் சோதித்தவர் வாளை வளைத்துப் பார்த்தார், கம்பி தெரிந்துவிட்டது. உலோகம் உள்ள ஆயுதம் எதற்கும் அனுமதியில்லை என்று விதிகளில் போட்டிருந்ததை நான் படிக்கவில்லை. வாங்கி ஓரமாகப் போட்டார்கள், மாலையில் கைப்பிடி முறிந்து கிடைத்தது. உடை மாற்ற அறை இருக்கும் என்று நினைத்துப் போனால் இருந்தது கழிப்பறை மட்டுமே. ஈரத்தரையில் ஒற்றைக் காலில் நின்றபடி 40 நிமிடம் போராடியும் முதுகு ஜிப் மேலே ஏறவில்லை. முகத்தில் பூசியதெல்லாம் வியர்வையில் கரைந்து கழுத்துக்கு வந்துவிட்டது. கதவைத் திறந்து, வெளியே வரிசையில் நின்ற பெண்களிடம் யாராவது உதவுங்கள் என்று மலையாளத்தில் கேட்டேன்.

ஹார்லி க்வின் வேடத்தில் இருந்த ஒரு கல்லூரிப் பெண் உள்ளே வந்து, சுவரில் ஒரு காலை ஊன்றி, ஜிப்பை ஏற்றிவிட்டாள். செயற்கைக் கூந்தல் வாயிலும் கண்ணிலும் விழுவதைப் பார்த்துவிட்டு, தன் மணிக்கட்டிலிருந்த கறுப்பு ரப்பர் வளையத்தைக் கழற்றி நீட்டி, "சேச்சீ, முடி கெட்டணோ?" என்றாள். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். 2020-இல் கேத்தி யான் இயக்கிய பேர்ட்ஸ் ஆஃப் பிரே படத்தில், நடுச் சண்டையில் கூந்தல் முகத்தில் விழுந்து தவிக்கும் பிளாக் கேனரிக்கு ஹார்லி இதைத்தான் நீட்டுவாள். சூப்பர் ஹீரோ படங்களில் நான் பார்த்த மிக உண்மையான ஒரு கணம் அது. விண்ணிலிருந்து குதிக்கிறவர்களும் இடியை ஏவுகிறவர்களும் நிறைந்த இந்தப் படங்களில், முடியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் ஒருத்திக்கு வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

பிறகு வந்த 25 நிமிடங்கள். கண்காட்சி அரங்கின் நடுவே நின்றதும் கேமராக்கள் வந்தன. முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு சிறுமிகள் என் கைக்காப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, கேமராவைக் கீழிருந்து மேலாகப் பிடித்துக்கொண்டு, திரும்பி நின்று தோளுக்கு மேல் பாருங்கள் என்றார். சொன்னபடி செய்துவிட்டேன், செய்த பிறகுதான் உறைத்தது. இந்தக் கோணம் எனக்குப் பழக்கமானது. 2004-இல் வந்த கேட்வுமன் படத்தில் ஹாலி பெர்ரிக்குக் கொடுத்த, கிழித்துவிட்ட தோல் கால்சட்டையும் கச்சும் வார்களும் இந்தக் கோணத்துக்காகவே தைத்தவை. ஆஸ்கர் வாங்கிய நடிகையை அந்த உடையில் கூரை கூரையாகத் தாவவிட்டார்கள். மிக மோசமான நடிப்புக்கான ராஸி விருதை அடுத்த ஆண்டு அவர் ஆஸ்கர் சிலையைக் கையில் ஏந்தியபடி நேரிலேயே போய் வாங்கிக்கொண்டார். அந்தத் துணிச்சலுக்காக எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். 2017-இலேயே, ஜூனில் ஜென்கின்ஸ் எடுத்த டயானாவையும் நவம்பரில் ஜஸ்டிஸ் லீக் படத்தில் வந்த டயானாவையும் அடுத்தடுத்துப் பார்த்தால், உடை ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் கேமரா எங்கே நிற்கிறது என்பதில் எனக்குப் பெரிய வேறுபாடு தெரிந்தது. ஆக, உடையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வேடமிடுகிறவர்கள் எந்தக் கோணத்தில் எடுக்கலாம், எதற்குச் சம்மதமில்லை என்பதை முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள். நின்ற பிறகு யோசிக்க நேரம் இருக்காது. வேண்டாம் என்ற ஒரு சொல்லை நான் பயணம் முழுவதும் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போனால் ஜிப்பைக் கழற்ற வேண்டும். பூட்ஸின் உயரத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ரெக்ஸின் காற்றை விடாது, மூச்சை இழுத்தால் மேல் விளிம்பு விலாவில் வெட்டியது. கண் முன்னே புள்ளிகள் பறந்தன. படிக்கட்டில் உட்காரப் போனேன், வயிற்றுப் பட்டை மடங்கவில்லை. சுவரில் மரப்பலகையைப் போலச் சாய்ந்து நின்றேன். தொலைபேசி எங்கோ பையில், பை எங்கோ பொருள் காப்பறையில், காப்பறைச் சீட்டு என் பூட்ஸுக்குள், குனிய முடியவில்லை. அந்த நேரத்தில் பயந்தேன் என்பதைவிட, தனியாக வந்தோமே என்று அவமானமாக இருந்தது என்பதே சரி. ஹார்லி பெண்தான் மறுபடியும் வந்து, பூட்ஸை உருவி, பையை எடுத்து வந்து, கழிப்பறையில் ஜிப்பை இறக்கிவிட்டாள். அம்மா வைத்த துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு அரை லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். என் காளி வேட உறவினர் பிறகு சொன்னது: வேடம் கட்டுகிறவன் மணிக்கு ஒரு தடவை கிரீடத்தை இறக்கிவைத்துத் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும், கிரீடத்துக்குள் மெல்லிய துணி சுற்ற வேண்டும், கூட ஒரு துணையாள் இல்லாமல் கட்டவே கூடாது.

உடையில் வைக்கும் பாக்கெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2021-இல் வந்த பிளாக் விடோ படத்தில், ஆளுமையைப் பறிகொடுத்து வளர்ந்த எலீனா, விடுதலையானதும் தனக்காகத் தானே வாங்கிய முதல் உடையைப் பற்றி அக்காவிடம் பெருமையடிப்பாள்: ஒரு பச்சை மேற்சட்டை, அதில் எவ்வளவு பாக்கெட் தெரியுமா என்று. பிளாக் விடோவான அக்கா நட்டாஷா சண்டையில் குதித்திறங்கிக் கூந்தலைச் சிலுப்பி நிற்கும் தோரணையையும் அவள் கிண்டல் செய்வாள். 2010-இல் இருந்து திரையில் நட்டாஷா அப்படித்தான் நின்றாள். அவளுக்கென்று தனிப்படம் வரப் பதினோரு ஆண்டுகள் ஆயின, அதற்குள் அவளை 2019 எண்ட்கேம் படத்தில் கொன்றும்விட்டார்கள். அந்தப் பாக்கெட் வசனத்தைப் படம் பார்த்தபோது வெறும் நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

மீதி நாளைச் சுடிதார் கால்சட்டையும் துப்பட்டாவுமாகச் சுற்றிப் பார்த்துக் கழித்தேன். தேநீர் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு இளைஞர்கள், பெண் சூப்பர் ஹீரோ படம் ஓடாது என்பதற்குத் தி மார்வெல்ஸ் ஒன்றே போதும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். உண்மைதான், 2023-இல் வந்த அந்தப் படம் மார்வெல் வரிசையிலேயே மிகக் குறைவாக வசூலித்தது. ஆனால் அதன் நாயகி கேப்டன் மார்வெல் 2019-இல் தன் தனிப்படத்தின் வசூலில் 100 கோடி டாலரைத் தாண்டியவள். 2014-இல் மார்வெல் நிறுவனத்தின் தலைமையிலிருந்து சோனிக்குச் சென்ற மின்னஞ்சல் ஒன்று பிறகு வெளியே கசிந்தது. பெண் நாயகிப் படங்கள் தோற்கும் என்பதற்கு அதில் கேட்வுமன், எலெக்ட்ரா, 1984-இல் வந்த சூப்பர்கேர்ல் ஆகிய மூன்றும் சான்றாகக் காட்டப்பட்டிருந்தன. 2011-இல் கிரீன் லான்டர்ன் விழுந்தபோது இனி ஆண்களை வைத்துப் படம் எடுக்க வேண்டாம் என்று யாரும் மின்னஞ்சல் எழுதியதாகத் தெரியவில்லை. இதையெல்லாம் அந்த இளைஞர்களிடம் சொல்ல நினைத்தேன். கழுத்தில் வழிந்த முகப்பூச்சோடும் கையில் இரண்டு கைக்காப்போடும் நின்றவளை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று தோன்றியதால் தேநீரை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

அப்போதுதான் நீலியைப் பார்த்தேன். நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண், பழைய செட்டுமுண்டு, அவிழ்த்த கூந்தல், நெற்றியில் பெரிய பொட்டு, கையில் ஒரு சின்னச் சுண்ணாம்புச் செப்பு. கடந்து போகும் ஆண்களிடம் செப்பை நீட்டி, சுண்ணாம்பு உண்டோ என்று குரலை இறக்கிக் கேட்பார். சிரித்துக்கொண்டே வந்தவர்கள்கூட ஒரு நொடி தயங்கி நின்றார்கள். படத்தில் வரும் சந்திரா போல இல்லை, அம்மாச்சி சொன்னவளைப் போல இருந்தார். சந்திரா ஜாக்கெட்டும் கால்சட்டையுமாக நகரத்தின் இரவில் நடப்பவள். உடை எதுவானாலும், இரவில் தனியாக வரும் பெண்ணைக் கண்டு ஆண்கள் அஞ்சிய பழைய கதையைத்தான் அந்தப் படம் அப்படியே எடுத்து, அவளை நாயகியாக்கி இருக்கிறது. முப்பந்தல் இசக்கியம்மனிடம் பிள்ளைவரம் கேட்டுப் போகிற எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அச்சமும் காவலும் ஒருத்தியிடமே இருப்பது புதிய செய்தி அல்ல. மதியம் அந்த நீலி அரங்கின் ஓரத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முண்டின் மடிப்பிலிருந்து தொலைபேசியை எடுத்து யாருடனோ பேசிக்கொண்டே பிரியாணி சாப்பிட்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும், நிமிர்ந்து பார்த்து, உட்காரும்படி பக்கத்தில் இடம் காட்டினார். என்ன செலவானது என்று கேட்டேன். பொட்டுக்கு மட்டும் பத்து ரூபாய் என்றார்.

ஊருக்குத் திரும்பிய இரண்டாம் நாள், தரையில் முழங்காலிட்டவர் எடுத்த படம் என் கைக்கு வந்தது. அதன் கீழே என் இடுப்பைப் பற்றியும் வயதைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். ஒரு வாரம் கடையில் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பதிவிட்டவருக்கு நீக்கும்படி எழுதினேன். ஆச்சரியமாக, மன்னிப்புக் கேட்டு நீக்கிவிட்டார். கேட்டால் நீக்குவார்கள் என்பதும் எனக்கு யாரும் சொல்லாத ஒன்று. முதலில் அந்தப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு கேளுங்கள்.

சென்ற வாரம் அந்த ரெக்ஸின் உடையைத் தையற்காரரிடம் எடுத்துச் சென்றேன். வண்டி சீட்டுக்கு ஆகும் என்று சொல்லி எடுத்துக்கொண்டார், தையற்கூலியில் கழித்துக்கொள்வதாகவும் சொன்னார். அடுத்த ஆண்டுக்கு வேறொன்று தைக்க வேண்டும், கறுப்புப் பருத்தியில், என் அம்மாச்சிக்குத் தெரியாமல் என்றேன். இந்த முறை அவர் கேட்பதற்கு முன்பே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். டேப்பை என் வயிற்றைச் சுற்றிப் போட்டவர், மூச்சை இழுத்துப் பிடிக்காதே என்று அதட்டினார். அளவுகளைப் பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டே, "பாக்கெட் எத்தர வேணும்?" என்றார். நாலு என்றேன், ஒன்றில் தொலைபேசி முழுவதுமாகக் கேற வேண்டும். என் தொலைபேசியை வாங்கி நாள்காட்டித் தாளின் மேல் வைத்து, பென்சிலால் அதைச் சுற்றி ஒரு கோடு இழுத்தார்.